ஜெர்பில் வளர்ப்பு

ஜெர்பில் என்பது ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களின் வறண்ட நிலங்களில் வளை தோண்டி வாழும் ஒரு சிறு கொறி விலங்கு ஆகும். எலிகள் அடங்கிய மியூரிடே குடும்பத்தில், ஜெர்பிலினே என்னும் துணைக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விலங்கில் நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றுள் மங்கோலிய ஜெர்பில் பல நாடுகளில் செல்ல விலங்காகவும் ஆய்வக விலங்காகவும் வளர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டு வயல்களில் வாழும் வெள்ளெலியும் ஒரு ஜெர்பில் இனமே ஆகும்.

ஜெர்பிலின் பராமரிப்பு முறைகள் பெரும்பாலும் அதன் வளை வாழ்க்கையை ஒட்டியே அமைகின்றன. தோண்டுவதற்கு ஆழமான உலர்ந்த படுகை, உடன் வாழத் துணை, குட்டிகள் உள்ள கூட்டிற்கு இடையூறின்மை ஆகிய மூன்றும் இதன் அடிப்படைத் தேவைகள்.

பெயர்

தமிழில் வெள்ளெலி என்னும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளைக் குறிக்கிறது. வயல்களில் வாழும் இந்திய ஜெர்பில் இப்பெயரால் அழைக்கப்படுகிறது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வெள்ளை எலியையும், செல்ல விலங்குக் கடைகளில் விற்கப்படும் ஹாம்ஸ்டரையும் சிலர் இவ்வாறே அழைப்பதுண்டு. ஹாம்ஸ்டருக்கு வால் மிகக் குட்டையானது. ஜெர்பிலுக்கு ஏறக்குறைய உடலளவு நீண்ட, மயிர் அடர்ந்த வால் உண்டு. இவ்வேறுபாட்டை அறிதல் அவசியம். தனித்து வாழும் சிரிய ஹாம்ஸ்டரின் பராமரிப்பு முறை, கூட்டமாக வாழும் ஜெர்பிலுக்குப் பொருந்தாது.

இந்திய ஜெர்பில்

இந்திய ஜெர்பிலின் அறிவியல் பெயர் டடேரா இண்டிகா. இதனை 1807இல் ஹார்ட்விக் என்பவர் விவரித்தார். முதுகு பழுப்பு நிறத்திலும், வயிறும் பாதங்களும் வெண்மையாகவும் இருக்கும். வால் உடலைவிடச் சற்று நீளமானது. அதன் நுனியில் கருமையான மயிர்க்கற்றை காணப்படும். இது ஓர் இரவாடி விலங்கு. தென்கிழக்குத் துருக்கி முதல் இந்தியா, இலங்கை வரை இது பரவியுள்ளது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏனாத்தூர், உத்திரமேரூர் போன்ற பகுதிகளில் ஏரிப் பாசன நெல் வயல்களும், மேட்டுப் பாங்கான புன்செய் நிலங்களும் உள்ளன. நீர் தேங்கும் நெல் வயல் வரப்புகளில் வரப்பெலி மிகுதியாகக் காணப்படும். வெள்ளெலியோ வேர்க்கடலை பயிரிடப்படும் உலர்ந்த மணற்பாங்கான நிலத்தையே விரும்புகிறது. பல வாய்களும் அறைகளும் கொண்ட வளைகளை இது தோண்டுகிறது.

இம்மாவட்டத்திலும் அண்டையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலும் வாழும் இருளர் வயல் எலிகளைப் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். வளையின் வாய்களை அடைத்து, துளையிட்ட மண்பானையில் வைக்கோலை எரித்து, அதன் புகையை வாயால் ஊதி உட்செலுத்துவது அவர்களது மரபு முறை. இதனால் தீக்காயமும் மூச்சுக் கோளாறும் ஏற்பட்டு வந்தன. 2003இல் உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தைப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு திட்டத்தின் வழியாக, கையால் சுழற்றும் ஊதி பொருத்திய எஃகுக் கருவி அவர்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது.

மங்கோலிய ஜெர்பில்: வரலாறு

பிரெஞ்சுப் பாதிரியாரும் இயற்கையியலாளருமான ஆர்மண்ட் டேவிட் 1866இல் வட சீனப் பகுதியிலிருந்து சில ஜெர்பில்களைப் பாரிசுக்கு அனுப்பினார். மில்ன் எட்வர்ட்ஸ் 1867இல் இவற்றை விவரித்தார். இதன் அறிவியல் பெயர் மெரியோனெஸ் அங்குய்குலேட்டஸ். 1935இல் அமூர் ஆற்றுப் படுகையில் 20 இணைகள் பிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களில் சில 1954இல் விக்டர் ஷ்வெண்ட்கர் என்பவரால் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வரவழைக்கப்பட்டன. இன்று வீடுகளில் வளரும் ஜெர்பில்களில் பெரும்பாலானவை இச்சிறு கூட்டத்தின் சந்ததியே.

இவ்விலங்கின் மூளைக்கு இரத்தம் செலுத்தும் தமனி வளையம் முழுமையாக அமைவதில்லை. ஆகையால் பக்கவாத ஆய்வுகளில் இது பயன்படுத்தப்படுகிறது.

வாழிடம்

இரும்புக் கம்பிக் கூண்டைவிட, மேற்புறம் கம்பி வலை பொருத்திய கண்ணாடித் தொட்டி ஏற்றது. கூண்டில் தோண்ட வழியின்றிப் போனால், ஜெர்பில் ஒரே மூலையை ஓயாமல் பறண்டிக் கொண்டிருக்கும். வளையின்மையே இதற்குக் காரணம் என ஆய்வுகள் கூறுகின்றன. எனவே மரச்சீவல், உலர்ந்த வைக்கோல், கிழித்த காகிதம் ஆகியவற்றைக் கலந்து குறைந்தது 20 முதல் 30 செ.மீ. ஆழத்திற்கு நிரப்புதல் வேண்டும். தேவதாரு மரச்சீவலில் உள்ள மணமுள்ள எண்ணெய்கள் மூச்சுக்குழலைப் பாதிக்கும் என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த வயலின் வைக்கோலும் கூடாது.

ஜெர்பிலுக்கு 18 முதல் 24 பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டினால் மயிர் எண்ணெய் படிந்தது போல் ஒட்டிக்கொள்ளும். வட தமிழகத்தில் கோடையில் வெப்பம் 40 பாகையை எட்டுவதுண்டு. கடலோரப் பகுதிகளில் ஈரப்பதமும் மிகுதி. ஆகவே இங்கு தொட்டியை வெயில் படாத, காற்றோட்டமான அறையில் வைப்பது இன்றியமையாதது. தொட்டியின் மேல் நேரடி வெயில் பட்டால் உள்வெப்பம் விரைவாக உயர்ந்து விலங்கு இறக்க நேரிடும்.

நெகிழிப் பொருள்களை ஜெர்பில் கொறித்து விழுங்கிவிடும். மண் சட்டி, மரக்கட்டை, அட்டைக் குழாய் ஆகியவை பாதுகாப்பானவை. உடலைத் தூய்மை செய்துகொள்ள அகலமான கிண்ணத்தில் உலர்ந்த மணல் வைக்கலாம்; தண்ணீரில் குளிப்பாட்டுதல் கூடாது.

உணவு

கம்பு, தினை, கேழ்வரகு, கோதுமை போன்ற தானியங்களும் சிறிதளவு காய்கறியும் தரலாம். சூரியகாந்தி விதையை ஜெர்பில் பெரிதும் விரும்பும். ஆனால் அதில் கொழுப்பு மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. எனவே கலவையிலிருந்து அதை மட்டும் தேர்ந்து தின்ன விடக்கூடாது. பாலை விலங்கு ஆதலால் இது குறைவாகவே நீர் அருந்தும். எனினும் தூய நீர் எப்போதும் கிடைக்க வேண்டும். கிண்ணத்தை மண்ணால் மூடிவிடும் என்பதால் தொங்கும் நீர்க்குப்பியே சிறந்தது.

இனப்பெருக்கம்

மங்கோலிய ஜெர்பில் 9 முதல் 12 வாரங்களில் பருவமடைகிறது. கருக்காலம் 24 முதல் 26 நாட்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 4 முதல் 6 குட்டிகள் பிறக்கும்.

குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருத்தரிக்கும் நிலையை அடைகிறது. பாலூட்டும் தாயின் கருப்பையில் புதிய கரு பதிவது தாமதமாவதால், அடுத்த ஈற்றின் கருக்காலம் ஏறத்தாழ 42 நாட்கள் வரை நீளலாம். இதனால் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழும் தொட்டியில் முதல் ஈற்றுக் குட்டிகள் பெரிதாகும் முன்னரே அடுத்த ஈற்று வந்துவிடும்.

இதனைத் தடுக்கத் தந்தையைப் பிரிப்பது எளிய தீர்வன்று. ஜெர்பிலில் தந்தையும் குட்டிகளுக்கு உடற்சூடு தந்து, விலகிய குட்டிகளைக் கூட்டில் சேர்க்கிறது. சில நாட்கள் பிரிந்த ஆணைத் திரும்பச் சேர்த்தால், மணம் மாறியதால் இரண்டும் கடுமையாகச் சண்டையிடக் கூடும். எனவே குட்டிகளுக்கு இடமும் அவற்றை ஏற்பவர்களும் உள்ளனரா என்பதை, இணை சேர்க்கும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். இனப்பெருக்கம் வேண்டாதோர் ஒரே ஈற்றில் பிறந்த இரு ஆண்களையோ இரு பெண்களையோ வளர்ப்பது நலம்.

குட்டிகளின் வளர்ச்சி

• பிறப்பு: குட்டி மயிரின்றிச் சிவந்து, கண்ணும் காதும் மூடியிருக்கும். எடை ஏறத்தாழ 3 கிராம்.
• முதல் வாரம்: தோல் கருமை அடைந்து மெல்லிய மயிர் அரும்பும்.
• இரண்டாம் வாரம்: உடல் முழுதும் மயிர் மூடும், காது திறக்கும், குட்டி தவழத் தொடங்கும்.
• 16 முதல் 20 நாட்கள்: கண் திறக்கும். திட உணவைச் சுவைக்கத் தொடங்கும்.
• 3 முதல் 4 வாரங்கள்: பால் குடி மறக்கும்.
• 6 முதல் 8 வாரங்கள்: ஆண், பெண் பிரித்து வேறு தொட்டிகளுக்கு மாற்றலாம்.

பால் மறந்த உடனேயே குட்டிகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது நன்றன்று. மேலும் சில வாரங்கள் உடனிருக்கும் குட்டிகள் கூட்ட வாழ்க்கைக்குரிய பழக்கங்களைக் கற்கின்றன.

குட்டிகளைப் பராமரித்தல்

பிறந்த முதல் வாரத்தில் கூட்டைக் கலைக்கவோ, படுகையை மாற்றவோ கூடாது. அச்சமுற்ற தாய் குட்டிகளை ஓயாமல் இடம் மாற்றும். கைவிடவோ தின்னவோ கூடும். இறந்த குட்டி இருந்தால் மட்டும், பெற்றோர் கூட்டை விட்டு வெளியே வந்த நேரத்தில் அதனை எடுத்துவிடலாம். பாலூட்டும் தாய்க்கு வேகவைத்த முட்டை போன்ற புரத உணவைச் சிறிதளவு சேர்த்துத் தருவர். கண் திறந்த குட்டிகளுக்கு எட்டும் உயரத்தில் நீர்க்குப்பியைத் தாழ்த்த வேண்டும். இதைக் கவனியாமையால் பால் மறக்கும் பருவத்தில் குட்டிகள் நீரின்றி இறப்பதுண்டு.

கண் திறந்த பின் நாள்தோறும் சில நிமிடங்கள் கையில் ஏற விட்டுப் பழக்கலாம். ஜெர்பிலை ஒருபோதும் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாலின் தோல் உரிந்து எலும்பு வெளிப்பட்டுவிடும். உரிந்த தோல் மீண்டும் வளராது.

நோய்கள்

• வலிப்பு: பரம்பரையாக வரும் இது, புதிய இடத்தில் விடும்போதோ கையாளும்போதோ தோன்றும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். அமைதியான இடத்தில் விட்டுவிடுவதே போதுமானது.
• மூக்குப் புண்: கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியின் செந்நிறச் சுரப்பு மூக்கில் படிந்து அரிப்பதால் வருவது. ஈரப்பதம் இதனை மிகுவிக்கும்.
• டைசர் நோய்: பாக்டீரியாவால் வரும் கடும் குடல், கல்லீரல் நோய். இளம் விலங்குகள் விரைவில் இறக்கும். தூய்மையே தடுப்பு.

வயலில் கிடைக்கும் குட்டிகள்

உழவின் போதும் வேர்க்கடலை பறிக்கும் போதும் வளைகள் சிதைந்து வெள்ளெலிக் குட்டிகள் வெளிப்படுவதுண்டு. சிறுவர்கள் இவற்றை வீட்டிற்கு எடுத்துச் சென்று பசும்பால் ஊட்டி வளர்க்க முயல்வர். கண் திறவாத குட்டிக்கு இரவு பகலாகச் சில மணிக்கொரு முறை ஏற்ற பாலும், இடைவிடாத வெப்பமும் தேவை. பசும்பாலால் வயிற்றுப்போக்கு ஏற்படும்; ஊட்டும் பால் மூச்சுக்குழலில் புகுவதும் உண்டு. இவ்வாறு எடுக்கப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. மேலும் இந்திய ஜெர்பில், காட்டு விலங்குகளிடையே பிளேக் கிருமியைத் தாங்கி நிற்கும் இனங்களுள் ஒன்றாக அறியப்பட்டுள்ளது. எலிக் காய்ச்சலும் கொறி விலங்குகளால் பரவக்கூடியது. எனவே குட்டிகளை வெறுங்கையால் தொடாமல், அருகிலுள்ள நிழலான இடத்தில் உலர்ந்த வைக்கோலால் மூடி விட்டுவிட வேண்டும். தாய் உயிருடன் இருந்தால் அவற்றைத் தேடி வந்து வேறு வளைக்கு எடுத்துச் செல்ல வாய்ப்புண்டு.

செல்ல ஜெர்பிலை வயலில் விடுவதும் தவறு. வறண்ட தட்பவெப்பம் உள்ள இடங்களில் இவை பெருகிப் பயிரையும் உள்ளூர் விலங்குகளையும் பாதிக்கலாம் என்பதால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெர்பில் வளர்ப்பு தடை செய்யப்பட்டுள்ளது. கூண்டில் பிறந்து வளர்ந்த ஜெர்பில் வெளியில் இரை தேடவும் பாம்பு, ஆந்தை ஆகியவற்றிடமிருந்து தப்பவும் பழகியதன்று. வளர்க்க இயலாத நிலை வந்தால், வளர்க்கத் தெரிந்த மற்றொருவரிடம் ஒப்படைப்பதே முறையாகும்.