இன்னொரு குருப்பெயர்ச்சி

வியாழன் ஏறத்தாழ ஆண்டுக்கு ஓர் இராசியைக் கடப்பதைக் குருப்பெயர்ச்சி என்கிறோம். அது தன் பாதையில் கோள் நகரும் நகர்வு. அந்தப் பாதையே இடம்பெயரக்கூடும் என்பது அறிவியலில் வேரூன்றிய வரலாறு வேறு. அது, ஒரு கணக்கு தன் சான்றுக்காக 15 ஆண்டுகள் காத்திருந்த வரலாறு.

1970களின் இறுதியில் பீட்டர் கோல்ட்ரைக், ஸ்காட் டிரமெய்ன் இருவரும் சனியின் வளையங்களை ஆராய்ந்தனர். ஒரு நிலவின் ஈர்ப்பு வளையத்தில் சுருள் அலைகளை எழுப்புகிறது. அவ்வலைகளின் வழியே இரண்டுக்கும் இடையே கோண உந்தம் கைமாறுகிறது. இதே கணக்கை 1980இல் அவர்கள், இளஞ்சூரியனைச் சூழ்ந்திருந்த வாயுத் தட்டுக்கும் வியாழனுக்கும் பொருத்திப் பார்த்தனர். சில ஆயிரம் ஆண்டுகளிலேயே வியாழனின் பாதை பெரிதும் மாறியிருக்க வேண்டும் என்பது விடை. வாயுத் தட்டின் ஆயுளோ சில பத்து இலட்சம் ஆண்டுகள்!

எத்திசையில் மாறியிருக்கும்? கோளுக்கு உட்புறமுள்ள வாயு அதனினும் விரைந்து சுற்றுவதால் கோளை வெளியே தள்ளுகிறது; வெளிப்புற வாயு பின்தங்குவதால் உள்ளே இழுக்கிறது. இவ்விரண்டின் சிறு வேறுபாடே திசையைத் தீர்மானிக்கிறது. பொதுவாக வெளிப்புறமே வெல்லும் என 1986இல் வில்லியம் வார்டு காட்டினார். அதே ஆண்டு டக்ளஸ் லின், ஜான் பாபலோய்சு இருவரும் பெருங்கோள்களின் நிலையை விளக்கினர். பெருங்கோள் தன் பாதையிலுள்ள வாயுவை விலக்கி இடைவெளி உண்டாக்கும்; பின்னர் வாயு விண்மீனை நோக்கி மெல்ல வடிகையில் கோளும் உடன் செல்லும்.

ஆயினும் நாம் அறிந்திருந்த ஒரே கோள் குடும்பத்தில், வியாழன் சூரியனிலிருந்து 5.2 வானியல் அலகு தொலைவில் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விண்மீனை ஒட்டியே பெருங்கோள்கள் இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ 1952இலேயே எழுதியிருந்தார். பெருங்கோள்களின் இடம் தொலைவில்தான் என்ற நம்பிக்கை அக்குரலை அமிழ்த்தியது.

1995இல் மிஷேல் மேயர், டிடியே கெலோ இருவரும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தனர். வியாழனின் பாதியளவு நிறை. ஒரு சுற்றுக்கு 4.2 நாள். அத்தனை வெப்பத்தில் பனிக்கட்டி உறையாது. அவ்வளவு பெரிய கோளுக்கு வேண்டிய பொருளும் அங்கே இராது. தொலைவில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என மறு ஆண்டே லின் குழுவினர் எழுதினர். பழைய கணக்கு உயிர்பெற்றது.

நம் வியாழனும் 1.5 அலகு வரை உள்ளே வந்து, சனியின் துணையால் மீண்டும் வெளியேறியது என்றொரு கருதுகோள் 2011இல் முன்வைக்கப்பட்டது. செவ்வாய் சிறுத்துப்போனதற்கு அது காரணம் கூறுகிறது. விவாதம் இன்னும் முடியவில்லை. வியாழன் திரும்பாமல் உள்ளே சென்றிருந்தால், இதை எழுதவும் படிக்கவும் நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே.

ஒரே ஓர் எடுத்துக்காட்டை இயற்கையின் விதி என்று நம்பினோம். கணக்கில் பிழையில்லை, அதை நம்பும் துணிவுதான் நம்மிடம் இல்லை.