ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமை நிர்வாகம்

1655இல் ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அடுத்த நூறாண்டுக்குள் அதைப் பெரும் சர்க்கரைத் தீவாக்கினர். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் அந்தச் செல்வம் விளைந்தது.

தோட்ட முதலாளிகளில் பலர் இங்கிலாந்திலேயே வாழ்ந்தனர். தீவில் அவர்களுடைய முகவர் வரவு செலவைக் கவனித்தார். அவருக்குக் கீழே வெள்ளைக்கார மேற்பார்வையாளர். வயலில் சாட்டையோடு நின்றவர், அடிமைகளிலிருந்தே பொறுக்கப்பட்ட கங்காணி. ஆண்டுதோறும் எழுதப்பட்ட இருப்புக் கணக்கில் ஆடுமாடுகளுக்கு விலை குறித்தது போலவே மனிதர்களுக்கும் பெயர், உடல்நிலை, விலை குறிக்கப்பட்டன.

உடல் வலுவைப் பார்த்து அடிமைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். திடகாத்திரமான ஆண்களும் பெண்களும் முதல் குழுவில் குழி தோண்டிக் கரும்பு நட்டு, வெட்டினர். இளவயதினரும் உடல் நலிந்தவர்களும் இரண்டாம் குழு. சிறுவர் சிறுமியர் அடங்கிய மூன்றாம் குழு களை பறித்தது, கால்நடைக்குப் புல் சேர்த்தது.

வெட்டிய கரும்பைத் தாமதமின்றிப் பிழிந்தாக வேண்டும். அதனால் வெட்டுக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடியது. தூக்கக் கலக்கத்தில் கரும்பைத் திணிப்பவரின் கை உருளைகளுக்குள் சிக்கினால் வெட்டி எடுக்க, பக்கத்திலேயே கோடரி வைத்திருந்தார்கள். கொப்பரையில் கொதிக்கும் சாறு பட்டு வெந்தவர்களும் உண்டு.

ஒதுக்கித் தந்த நிலத்தில் ஓய்வு நாளில் பாடுபட்டு, உணவின் பெரும்பகுதியை அடிமைகளே விளைவித்துக்கொண்டனர். 1780களில் புயல்கள் அந்தப் பயிரை அழித்தன. அமெரிக்க விடுதலைப் போரால் வெளியிலிருந்து வரும் தானியமும் குறைந்தது. ஆயிரக்கணக்கானோர் பட்டினியில் மாண்டனர். பிறப்பை மிஞ்சிய இறப்பை, புதிய அடிமைகளை வாங்கி முதலாளிகள் ஈடுகட்டினர்.

1750இல் ஜமைக்கா வந்த மேற்பார்வையாளர் தாமஸ் திசில்வுட், தாம் கொடுத்த சவுக்கடிகளையும் பெண்கள்மீது நடத்திய பாலியல் வன்முறையையும் 1786 வரை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மழை, பயிர் பற்றிய குறிப்புகளுக்கு இடையே அவையும் அன்றாட அலுவலாகவே பதிவாகியுள்ளன.

அடிமைகள் அடங்கிக் கிடக்கவில்லை. 1760இல் டாக்கியின் தலைமையிலும், 1831 இறுதியில் சாம் ஷார்ப்பின் தலைமையிலும் பெருங்கிளர்ச்சிகள் வெடித்தன. இரண்டாவது கிளர்ச்சி பிரிட்டனில் அடிமை ஒழிப்பை விரைவுபடுத்தியது. 1834இல் ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வந்தபோது தீவில் சுமார் 3 லட்சம் அடிமைகள் இருந்தனர். பயிற்சிக்காலம் என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு முடிந்து, 1838இல்தான் முழு விடுதலை கிடைத்தது.

பிரிட்டிஷ் பேரரசின் அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. 1845 முதல் அதே தோட்டங்களுக்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர்; மதராஸ் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் அவர்களில் இருந்தனர்.