இராப்பலகை

அறபு மாலுமிகள் ‘கமால்’ என்றழைத்த சிறு பலகையை நம் கடலோடிகள் ‘இராப்பலகை’ என்றனர். அதன் நடுவே கோத்த கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்து, கீழ்விளிம்பை அடிவானத்தோடும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்தோடும் பொருத்துவர். முடிச்சின் இடமே நட்சத்திரத்தின் உயரத்தை ‘இஸ்பஃ’, அதாவது விரல், கணக்கில் உரைக்கும். ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. 15ஆம் நூற்றாண்டில் அஹ்மது இப்னு மாஜித் இக்கலையை நூலாக்கினார்.

நம் மாவட்டத்துக் குளச்சல் ஏறத்தாழ 8 பாகை வட அட்சத்தில் உள்ளது. எனவே இன்று அதற்கு நேர்மேற்கே கடலில் நிற்போர்க்குத் துருவ நட்சத்திரம் ஏறக்குறைய ஐந்து விரல் உயரத்தில் தோன்றும். அவ்வுயரம் மாறாமல் கிழக்கே செலுத்தினால் கரை சேரலாம். அடிவானமும் நட்சத்திரமும் சேர்ந்து விழும் படத்திலிருந்து கைப்பேசிக் கேமராவும் இதே கோணத்தைத் தரும்.

கருவி புதிது, கணக்கு பழையது. அதைப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்காவிடில் நம்மோடு மறைந்துவிடும்.