செயலியை மாற்றுவது ஏன் எளிதன்று?

வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், விமான சேவைகள் ஆகியவற்றின் அன்றாட அலுவல்கள் இன்று சேவையகங்கள் எனப்படும் வலுமிக்க கணினிகளிலேயே தங்கியுள்ளன. அவற்றின் மூளையாகத் தொழிற்படுவது செயலி. போட்டி நிறுவனமொன்று மலிவானதும் வேகமானதுமான செயலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் பெருநிறுவனங்கள் உடனே அதன்பால் திரும்பிவிடும் என்றே எவரும் எண்ணுவர். நடைமுறை அவ்வாறில்லை.

2003 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனம் ஒப்டெரோன் செயலியை அறிமுகப்படுத்தியது. பழைய மென்பொருட்களை மாற்றமின்றி இயக்கியவாறே 64 பிட் ஆற்றலையும் அது வழங்கிற்று. இன்டெல் 2001இல் வெளியிட்ட இட்டானியத்துக்கோ மென்பொருட்களைப் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது. ஏ.எம்.டி.யின் வழிமுறையை 2004இல் இன்டெல்லே தனது சியோன் செயலிகளில் பின்பற்ற நேர்ந்தது. அவ்வாறிருந்தும், 2006இல் ஏ.எம்.டி. அடைந்த உச்சப் பங்கு சேவையகச் சந்தையில் ஏறத்தாழக் காற்பங்கு மாத்திரமே.

இதற்கான காரணங்கள் பல. முதலாவதாக, ஒருவரது செயலி மற்றவரது தாய்ப்பலகையில் பொருந்தாது. முழுச் சேவையகத்தையுமே மாற்ற வேண்டும். இரண்டாவதாக, தரவுத்தளம் முதலிய மென்பொருட்களை விற்போர், தாம் பரீட்சித்து அங்கீகரித்த வன்பொருட்களுக்கே முழு உத்தரவாதம் அளிக்கின்றனர். வங்கியொன்று இப்பரீட்சைகளை மீண்டும் நடத்தி முடிக்கப் பல மாதங்கள் செல்லும். மூன்றாவதாக, இன்டெல் சேவையகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியொன்றை நிறுத்தாமல் ஏ.எம்.டி. சேவையகத்துக்கு நகர்த்துவது வழமையான மென்பொருட்களில் இயலாது. இரு வகைகளையும் வைத்திருப்பவர் இரு தனித்தனிக் குழாங்களைப் பராமரிக்க நேரிடுகிறது. நான்காவதாக, மென்பொருள் உரிமக் கட்டணம் பெரும்பாலும் 'கோர்' எனப்படும் செயற்பாட்டு அலகுகளின் எண்ணிக்கையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. எனவே, செயலியில் மிச்சப்படுத்திய பணம் உரிமக் கட்டணத்தில் கரைந்துபோகவும் கூடும்.

இவை அனைத்துக்கும் மேலாக நிற்பது நம்பிக்கையாகும். 2007இல் ஏ.எம்.டி. வெளியிட்ட நான்கு கோர் ஒப்டெரோனில் குறைபாடொன்று கண்டறியப்பட்டு, திருத்தப்பட்ட செயலிகள் 2008இலேயே பரவலாகக் கிடைத்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் சேவையகச் சந்தையில் அந்நிறுவனத்தின் இடம் மிக அற்பமாயிற்று. 2017இல் எபிக் செயலி வந்த பின்னரும் இழந்த பங்கை மீட்கப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. வாங்குவோர் இன்றைய செயலியை மாத்திரமன்றி, வழங்குநரின் அடுத்த தலைமுறைகளையும் எடைபோடுகின்றனர்.

எனினும், மாறாதிருப்பது பாதுகாப்பானது என்று கொள்வதும் தவறாகும். 2011 மார்ச்சில், இட்டானியத்துக்கான மென்பொருள் உருவாக்கத்தை நிறுத்துவதாக ஒரக்கிள் அறிவித்தது. ஹியூலட் பக்கார்ட் நீதிமன்றம் சென்று, 2012இல் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. ஆயினும், அச்செயலியின் வீழ்ச்சியைத் தீர்ப்பினால் தடுக்க முடியவில்லை. 2021இல் இன்டெல் அதன் இறுதித் தொகுதியை அனுப்பி வைத்தது. தாமாக மாற மறுத்தவர்கள் இறுதியில் கட்டாயத்தின் பேரில் மாற வேண்டியவர்களாயினர்.

ஆகவே, மாற்றத்தின் விலையைக் கணிக்க வேண்டியது நெருக்கடி வந்த பின்னர் அன்று. கொள்வனவு ஒப்பந்தத்தில் கைச்சாத்திடுவதற்கு முன்னராகும். ஒரே செயலியுடன் பிணைக்கப்படாத மென்பொருட்களைத் தெரிவு செய்வதும், சேவையகங்களைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு வேளையிலும் மாற்று வழங்குநரின் செயலியைப் பரீட்சித்துப் பார்ப்பதும் வீண்செலவாகா. வெளியேறும் வழியைத் திறந்து வைத்திருப்பவரே வழங்குநரிடம் நியாயமான விலையைக் கேட்டுப் பெறவும் வல்லவராவார்.