கல்லீரல் மீண்டும் வளர்வதும் அதில் புற்றுநோய் உண்டாவதும்: வளர்ச்சிக் காரணிகளின் பங்கு

குடும்பத் தலைவருக்குக் கல்லீரல் செயலிழந்து, மாற்று உறுப்பு பொருத்த வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், மகனோ மகளோ தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வருவது உண்டு. அப்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, "கொடுத்தவருக்குக் கல்லீரல் மறுபடியும் வளருமா?" என்பதுதான். வளரும். வேறு எந்தப் பெரிய உள்ளுறுப்புக்கும் இந்த அளவு ஆற்றல் இல்லை. ஆனால் இதே உறுப்பில்தான் கொடிய புற்றுநோயும் தோன்றுகிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 9 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் ஏற்பட்டது. இந்த இரண்டிலும் பங்கு வகிப்பவை வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள்.

வளர்ச்சிக் காரணி என்பது என்ன?

ஒரு செல் மற்றொரு செல்லுக்கு அனுப்பும் செய்தி என்று இதைச் சொல்லலாம். செல்லின் மேற்பரப்பில் ஏற்பி எனப்படும் புரதம் இருக்கிறது. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் வளர்ச்சிக் காரணி அதில் பொருந்தியதும், "பெருகு" என்ற கட்டளை செல்லுக்குள் செல்கிறது. இத்தகைய புரதங்களைக் கண்டறிந்ததற்காக ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொண்டால்சினி ஆகிய இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர்.

கல்லீரல் வளரும் விதம்

1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றும் சோதனை முறையை விவரித்தனர். அப்படி அகற்றினால், சுமார் பத்து நாட்களுக்குள் கல்லீரல் ஏறத்தாழப் பழைய எடைக்கு வந்துவிடுகிறது. வெட்டிய பகுதி அதே இடத்தில் முளைப்பதில்லை. எஞ்சிய பகுதியே பெருத்து ஈடுசெய்கிறது.

இது மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதல் சில மணி நேரத்தில் இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்கள், ஓய்விலிருக்கும் கல்லீரல் செல்களைத் தயார்ப்படுத்துகின்றன. அடுத்து, எச்.ஜி.எஃப். எனப்படும் கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி 'மெட்' என்ற ஏற்பியில் பொருந்தி செல்களைப் பெருகச் செய்கிறது. ஈ.ஜி.எஃப். என்ற காரணி அதற்குத் துணை நிற்கிறது. வி.ஈ.ஜி.எஃப். என்ற காரணி புதிய இரத்தக் குழாய்களை உருவாக்குகிறது. உடலுக்குத் தேவையான அளவு வந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இப்படி நிறுத்தும் வேலையில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு.

உறுப்பு கொடுத்த மனிதருக்கும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கல்லீரலின் அளவு பெருமளவு திரும்பிவிடுகிறது. எனினும் அது பெரிய அறுவைச் சிகிச்சை. அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. கொடுப்பவரின் உடல்நிலையை முழுமையாகப் பரிசோதித்த பிறகே முடிவு எடுக்க வேண்டும்.

புற்றுநோயாக மாறுவது எப்படி?

ஒருமுறை ஏற்படும் காயத்தைக் கல்லீரல் ஆற்றிக்கொள்கிறது. ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், மது, கல்லீரலில் சேரும் கொழுப்பு ஆகியவை ஆண்டுக்கணக்கில் காயப்படுத்திக்கொண்டே இருந்தால், "பெருகு" என்ற கட்டளையும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணு நகலெடுக்கப்படுகிறது. அதில் நேரும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கூடவே கல்லீரலில் வடுக்கள் படர்ந்து, அது சுருங்கி இறுகுகிறது. இதுதான் சிரோசிஸ். கல்லீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்நிலை முன்பே இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தன் மரபணுவைக் கல்லீரல் செல்லின் மரபணுவிலேயே செருகிவிடுவதால், சிரோசிஸ் இல்லாதவருக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது.

புற்று செல் நிறுத்தும் கட்டளைக்குக் கட்டுப்படுவதில்லை. வி.ஈ.ஜி.எஃப்.ஐத் தானே சுரந்து, தனக்கென இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. இந்தப் பாதையைத் தடுப்பதே புதிய மருந்துகளின் வேலை. 2007இல் அனுமதி பெற்ற சோராஃபெனிப் வி.ஈ.ஜி.எஃப். ஏற்பிகளைத் தடுக்கிறது. முற்றிய நோயில் இவை ஆயுளை நீட்டிக்கின்றன. பூரண குணத்துக்கான வாய்ப்பு, நோயை ஆரம்பத்திலேயே கண்டு அறுவைச் சிகிச்சையோ உறுப்பு மாற்றோ செய்வதில்தான் அதிகம்.

நாம் செய்ய வேண்டியவை

• பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும். கைக்குழந்தைப் பருவத்தில் தொற்று ஏற்பட்டால் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாட்பட்ட நோயாகிவிடுகிறது. 1984இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைத் தொடங்கிய தைவானில் சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது.

• மஞ்சள் காமாலை தெளிந்துவிட்டது என்று விட்டுவிடாமல், எந்த வைரஸால் வந்தது என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் சி இன்று மாத்திரைகளாலேயே குணமாகிறது. பி வகையையும் மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

• வீட்டில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் மற்ற அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சேர்ந்து உண்பதால் இது பரவாது. ஆகவே அவரை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை மட்டும் பகிரக்கூடாது.

• பூஞ்சை பிடித்த நிலக்கடலை, சோளத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சும் புற்றுநோய்க்குக் காரணமாகும். அவற்றைக் கழுவிப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும்.

• சிரோசிஸ் உள்ளவர்கள் வலி இல்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். தொடக்க நிலைப் புற்று பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

கல்லீரல் தானே வளர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கையில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் இருக்கிறார்கள். காயம் நின்றால்தான் அந்த வளர்ச்சி நமக்குப் பயன்படும். காயத்துக்கான காரணத்தைக் கண்டறிந்து அதை நிறுத்துவதே முதல் மருத்துவம்.