சீட்டெடுக்கும் கிளியும் ஒரு நெல்மணியும்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றி வளர்ந்த லிட்டில் இந்தியாவுக்கு, கிளி ஜோசியம் தமிழரோடு கடல் தாண்டி வந்தது. ஒரு கூண்டு, ஒரு சீட்டுக்கட்டு, கடைமுன் அஞ்சடி நடைபாதையில் விரிக்க ஒரு பாய், முதலீடு அவ்வளவுதான். பெயரைச் சொன்னதும் கூண்டுக் கதவு திறக்கும். கிளி நடந்து வந்து, அலகால் சீட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, கடைசியில் ஒன்றை ஜோசியரிடம் நீட்டும். ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். இதை வெறும் ஏமாற்று என்று தள்ளுவது சுலபம். ஆனால் அந்தப் பாயில் கிளி நேர்மையாகவே நடந்துகொள்கிறது என்பதே என் கட்சி. அதற்குக் காரணம் தெய்வ அருள் அல்ல, தீனி கொடுக்கும் முறை.

ஹார்வர்டில் உளவியலாளர் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், புறாக்களின் முன் கொத்துவதற்கு இரண்டு வில்லைகள் இருந்தன. ஒன்றில் தானியம் அடிக்கடி கிடைத்தது, மற்றதில் அரிதாக. கிடைத்த தானியத்தின் விகிதத்திலேயே புறாக்கள் தம் கொத்தல்களையும் பங்கிட்டன. ஒரு பொருளோடு எவ்வளவு தீனி வந்ததோ, பறவைக்கு அவ்வளவுதான் அதன் மதிப்பு. ஜோசியரின் பாயிலோ எந்தச் சீட்டை நீட்டினாலும் அதே ஒரு நெல். சீட்டின் படத்தில் முருகன் வந்தாலென்ன, சனீஸ்வரன் வந்தாலென்ன, கிளிக்கு இரண்டும் ஒன்றுதான். வாடிக்கையாளரை மகிழ்விக்க நல்ல சீட்டுக்கு மட்டும் நெல் கொடுத்துப் பழக்கினால், கிளி அதையே தேடிப் பொறுக்கக் கற்றுவிடும். பறவைக்கு ஒரே பக்கத்திலிருந்து எடுக்கும் ஓரப் பழக்கம் உண்டே என்பார்கள். உண்டுதான், சீட்டுக்கட்டைக் கலைப்பது அதற்குத்தான் உதவுகிறது. ஜோசியர் ரகசியமாகச் சைகை காட்டினால்? அது அவர் குற்றம், கிளிமேல் பழி போட முடியாது.

இன்னொரு கட்சி, பலித்ததே என்பது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் சிங்கப்பூரின் மணி என்ற ஜோசியக் கிளி நான்கு காலிறுதி ஆட்டங்களையும் சரியாகச் சொல்லி உலகச் செய்தியானது. நான்கு முறை காசு சுண்டி நான்கும் சரியாக விழ, பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. தவறிய கிளிகளைப் படம் பிடிக்க எவரும் போவதில்லை. இறுதி ஆட்டத்துக்கு மணி எடுத்தது நெதர்லாந்து. கோப்பையை வென்றது ஸ்பெயின். தற்செயலைப் பலனாக எண்ணுவது பறவைகளிடமும் உண்டு. 1948-இல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், எட்டுப் புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வரச் செய்தார். ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று தலையை மூலைக்கு நீட்டியது. எப்போதோ ஒன்று பலித்ததற்காக மறுபடி பாய்முன் குந்துபவரின் நிலையும் இதுதான். கிளியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சீட்டை நீட்டினால் நெல் வரும் என்று அது நம்புகிறது, வரத்தான் செய்கிறது.