கைமாறிய குச்சிகள்

இன்னைக்கு ஒரு வாத்தியத்தோட கதை. அதுக்கு வயசே சுமார் நூறுதான். வீணைக்கோ வயலினுக்கோ இருக்கிற மாதிரி பரம்பரை கிடையாது, ஆரம்பத்துல சொல்லிக்கொடுக்க குருவும் கிடையாது. பேரு வைப்ரஃபோன்.

சைலஃபோன் பார்த்திருப்பீங்க, மரக்கட்டைகளை வரிசையா அடுக்கி குச்சியால தட்டுவாங்க. இதுல மரத்துக்குப் பதிலா உலோகப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழ ஒரு குழாய், அதோட வாயில ஒரு சின்னத் தட்டு. மோட்டார் போட்டா தட்டு சுழலும், குழாய் மூடி மூடித் திறக்கும், ஒலி அலை அலையா வரும். காலுக்கு ஒரு பெடல். மிதிச்சா நாதம் நீளும், விட்டா நின்னுடும். 1927ல சிகாகோவின் டீகன் கம்பெனிதான் அலுமினியப் பட்டை, பெடல் எல்லாம் வெச்சு இன்னைக்கு நாம பாக்குற வடிவத்துக்குக் கொண்டுவந்தது.

ஆனா வேடிக்கைக்குத் தட்டுற சாமானாத்தான் பலரும் அதைப் பார்த்தாங்க. 1930, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு ரெக்கார்டிங். பாடுறது லூயி ஆம்ஸ்ட்ராங். டிரம்ஸ்ல லயனல் ஹாம்ப்டன்னு ஒரு இளைஞர். ஸ்டூடியோ மூலையில வைப்ரஃபோன் ஒண்ணு சும்மா கிடக்கு. "இதை வாசிப்பியா?"ங்கிற மாதிரி ஆம்ஸ்ட்ராங் கேட்க, ஹாம்ப்டன் போய் நின்னுட்டார். சைலஃபோன் பழக்கம் இருந்ததால கை ஓடிச்சு. அப்படிப் பதிவானதுதான் 'மெமரீஸ் ஆஃப் யூ'.

1936ல பென்னி குட்மன் அவரைத் தன் குவார்ட்டெட்ல சேர்த்தார். ரெண்டு கறுப்பர், ரெண்டு வெள்ளையர், ஒரே மேடையில. அன்னைய அமெரிக்காவுல அது சாதாரண விஷயமே இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். ஹாம்ப்டன் கச்சேரிக்கு அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் அப்பா அம்மாவோட போயிருக்கான். அவன் ஆடுறதைப் பார்த்து ஹாம்ப்டன் தன் குச்சி ஜோடியையே அவன் கையில கொடுத்துட்டார். பையன் பேரு ராய் ஏயர்ஸ். ஆமா, 'எவ்ரிபடி லவ்ஸ் தி சன்ஷைன்' ஏயர்ஸேதான். ஹிப்-ஹாப் கேக்குறவங்க காதுல அவர் இசை தெரியாமலே விழுந்திருக்கும்.

அதே ஊர்ல இன்னொரு பையன், பாபி ஹட்சர்சன். மில்ட் ஜாக்சன் வாசிச்ச ரெக்கார்டைக் கேட்டு மயங்கினவர். ஜாக்சன் மோட்டார் வேகத்தைக் குறைச்சு, அந்த அலையை மனுஷக் குரல் மாதிரி ஆக்கினவர். ஹட்சர்சனோட அப்பா கொத்தனார். அவர்கிட்ட செங்கல் வேலை பார்த்துக் காசு சேர்த்து வாத்தியத்தை வாங்கிட்டார். ஆனா வாசிக்கத் தெரியாது! கச்சேரி நாளும் நெருங்குது. என்ன பண்ணார்? எந்தப் பட்டைக்கு அப்புறம் எந்தப் பட்டைன்னு பேனாவால நம்பர் எழுதி வெச்சார். திரை விலகுறதுக்கு முன்னாடி மேடை ஆள் ஒருத்தர் 'அழுக்கு'ன்னு ஈரத் துணியால துடைச்சுட்டார். அன்னைக்கு கச்சேரி செம சொதப்பல். அவரே வாழ்நாள் முழுக்க சிரிச்சுக்கிட்டே சொன்ன கதை இது. 1964ல எரிக் டால்ஃபியோட 'அவுட் டு லஞ்ச்' ஆல்பத்துல வாசிச்சதும் இதே ஆள்தான்.

ஏயர்ஸும் ஹட்சர்சனும் அந்த ஊர்ல ஒண்ணா உட்கார்ந்து சாதகம் பண்ணியிருக்காங்க. போட்டியாளர்களா இருந்திருக்க வேண்டியவங்க. ஆனா இந்த வாத்தியத்தைக் கையில எடுத்தவங்களே கொஞ்சம் பேர், அதுல என்ன போட்டி?

அந்த 1930 ரெக்கார்டு இன்னைக்கும் கிடைக்குது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. ஆம்ஸ்ட்ராங் வர்றதுக்கு முன்னாடியே ஒரு மணிச் சத்தம் கேக்கும்.